அழித்தும் அழியாதவை

நுழையும்முன்

மனிதன் எழுதக் கற்ற நாள்முதல் அழிக்கவும் கற்றான். மணலில் எழுதியதைக் கை அழித்தது. கற்பலகையில் எழுதியதை ஈரத்துணி அழித்தது. இன்று மடிக்கணினியிலும் திறன்பேசியிலும் சேர்த்துவைத்ததை ஒரு விசையே அழித்துவிடுவதாகத் தோன்றுகிறது. அத்தோற்றம் உண்மைதானா? பழைய கருவியைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது அதனுள் எஞ்சியிருப்பவை எவை? அவற்றை முறையாக நீக்குவது எங்ஙனம்? தரவு நீக்கத்தின் அறிவியலையும் அதனோடு பிணைந்த பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கற்பலகையும் ஓலைச்சுவடியும்

கற்பலகையில் ஓரிடத்தில் எழுதியதைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மீண்டும் எழுதலாம். புதிய எழுத்து வந்தமர்ந்ததும் பழைய எழுத்துக்கு அங்கு இடமில்லை. ஓலையோ அவ்வாறன்று. எழுத்தாணியால் கீறிய எழுத்தைத் துடைக்க இயலாது. எழுதியதை மாற்ற வேண்டுமெனில், அவ்வேட்டைச் சுவடியிலிருந்து விலக்கி, வேறோர் ஏட்டில் எழுதிச் சேர்க்க வேண்டும். விலக்கிய ஏடு தீயில் இடப்படும்வரை அதிலுள்ள எழுத்து அப்படியே இருக்கும்; கையில் எடுப்பவர் எவரும் அதனைப் படிக்கலாம்.

கணினிச் சேமிப்பகங்களிலும் இவ்விரு இயல்புகள் உண்டு. காந்தத் தட்டுகள் சுழலும் வன்தட்டு கற்பலகையை ஒத்தது. சுழலும் உறுப்பு எதுவுமின்றிச் சில்லுகளால் மட்டுமே ஆன திண்மநிலைச் சேமிப்பகம் ஏட்டை ஒத்தது. கடைகளில் ‘எஸ்.எஸ்.டி.’ என வழங்கப்படுவது இதுவே. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவை இவ்வகைச் சேமிப்பகத்தையே கொண்டுள்ளன. திறன்பேசி, விரலி, நினைவக அட்டை ஆகியவற்றின் உள்ளிருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த நினைவகமே.

இவ்விரு வகைகளுக்கும் பொதுவான செய்தி ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். ஒரு கோப்பை நீக்குமாறு கட்டளையிடும்போது இயக்க அமைப்பு அக்கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. நூலின் பொருளடக்கத்திலிருந்து ஓர் இயலின் பெயரை அடித்துவிட்டு, இயலை நூலுக்குள்ளேயே விட்டுவைப்பதைப் போன்றது அச்செயல். மறுசுழற்சித் தொட்டியை வெறுமையாக்கினாலும், விரைவு வடிவூட்டல் செய்தாலும் பொருளடக்கம் மட்டுமே மறைகிறது. ‘இவ்விடம் காலி’ என்னும் குறிப்பு எழுதப்படுகிறதேயன்றி, இடம் காலியாவதில்லை.

பழைய வன்தட்டுகள் உரைத்த உண்மை

இதன் விளைவு எத்தகையது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் உலகுக்கு உணர்த்தினர். 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்டு வரை, பயன்படுத்தப்பட்ட 158 வன்தட்டுகளை அவர்கள் விலைக்கு வாங்கினர். அவற்றுள் 129 இயங்கும் நிலையில் இருந்தன. அவற்றை ஆராய்ந்து கண்ட முடிவுகளை 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். முறையாகத் தூய்மை செய்யப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏனையவற்றிலிருந்து 5000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள், நிதிக் கணக்குகள், மருத்துவக் குறிப்புகள், தனிப்பட்ட மின்னஞ்சல்கள் ஆகியன வெளிப்பட்டன. வன்தட்டுகளுள் ஒன்று தானியங்கிப் பணம் வழங்கும் எந்திரத்தில் பயன்பட்டதாகத் தோன்றியது.

அவற்றை விற்றவர்களுள் பலர் கவனக்குறைவானவர்கள் அல்லர். கோப்புகளை நீக்கியவர்களும், வடிவூட்டல் செய்தவர்களும் அவர்களுள் இருந்தனர். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று அவர்கள் நம்பினர். அறியாமையைக் காட்டிலும் இத்தகைய நிறைவுணர்வே பெருந்தீங்கு விளைவிக்கிறது.

வன்தட்டைப் பொறுத்தவரை இதற்குத் தீர்வு எளிது. எழுத்து இருக்கும் இடத்தின் மேலேயே வேறொன்றை எழுதிவிட்டால் போதும். 1996இல் பீட்டர் குட்மன் என்னும் அறிஞர் வெளியிட்ட கட்டுரையில், அக்காலத்துக் குறியீட்டு முறைகள் அனைத்தையும் கருத்திற்கொண்டு 35 முறை மேலெழுதும் வழி கூறப்பட்டிருந்தது. இக்கால வன்தட்டுகளுக்கு முழுப்பரப்பிலும் ஒருமுறை மேலெழுதுவதே பொதுவாகப் போதுமானது. ஆயினும் ‘பலமுறை மேலெழுதினால் அழியும்’ என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. திண்மநிலைச் சேமிப்பகம் வந்த பின்னரும் அவ்வெண்ணம் மாறவில்லை.

மின்துகள் சிறையிருக்கும் அறைகள்

திண்மநிலைச் சேமிப்பகத்தின் அடிப்படை ‘ஃபிளாஷ்’ நினைவகம் ஆகும். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984இல் இதனை அறிமுகப்படுத்தினார். இன்று பரவலாகப் பயன்படும் ‘நேண்ட்’ வகை 1987இல் வெளிப்பட்டது. ஒரு பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் அழிக்கும் இதன் இயல்பு, ஒளிப்படக் கருவியின் மின்வெட்டு ஒளியை நினைவூட்டியதால் உடன்பணியாற்றிய ஒருவர் இப்பெயரைப் பரிந்துரைத்தார். அழிக்கும் விரைவால் பெயர்பெற்ற நினைவகத்திலேயே அழித்தல் இத்துணைச் சிக்கலாக அமைந்தது வியப்புக்குரியது.

இந்நினைவகத்தின் மிகச்சிறு அலகு ‘சிற்றறை’ எனப்படும். மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட சிற்றறைக்குள் மின்துகள்கள் சிறைப்படுத்தப்படுகின்றன. அவற்றின் அளவே தரவாகக் கொள்ளப்படுகிறது. மின்சாரம் நின்ற பின்னும் அவை வெளியேறாமல் இருப்பதால் தரவு நிலைத்து நிற்கிறது.

சிற்றறைகள் பல சேர்ந்தது ஒரு ‘பக்கம்’. பக்கங்கள் பல நூறு சேர்ந்தது ஒரு ‘தொகுதி’. எழுதும் செயல் பக்கம் பக்கமாக நிகழ்கிறது. அழிக்கும் செயலோ தொகுதி தொகுதியாக மட்டுமே நிகழும். ஒரு பக்கத்திலுள்ள ஒரு சொல்லை மாற்ற வேண்டுமாயினும் அதன்மேல் எழுத இயலாது. அப்பக்கம் அடங்கிய தொகுதி முழுவதையும் அழித்த பின்னரே மீண்டும் எழுத இயலும். மேலும், ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் மின்காப்புப் படலம் சிறிது தேய்கிறது. சில ஆயிரம் முறை அழித்தெழுதினால் தொகுதி பழுதடையத் தொடங்கும். ஒரு சொல்லுக்காக ஒரு தொகுதியை அழிப்பது காலத்தையும் கருவியின் ஆயுளையும் வீணாக்கும். இவ்விரு குறைகளையும் வெல்லப் பொறியாளர்கள் கண்ட வழியே அழித்தலைச் சிக்கலாக்கியது.

முகவரி மாற்றும் எழுத்தர்

திண்மநிலைச் சேமிப்பகத்தின் உள்ளே ஒரு சிறு கணினியே அமைந்துள்ளது. அதற்குக் கட்டுப்பாட்டகம் என்று பெயர். இயக்க அமைப்பு ‘நூறாவது இடத்தில் இதை எழுது’ எனக் கட்டளையிட்டால், கட்டுப்பாட்டகம் உண்மையான நூறாவது இடத்தைத் தேடிச் செல்வதில்லை. அழித்து ஆயத்தமாக உள்ள ஏதேனும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, ‘நூறாவது இடம் என்பது இனி இப்பக்கம்’ எனத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. முன்பு எழுதிய பக்கம் ‘பயனற்றது’ எனக் குறிக்கப்பட்டு அங்கேயே கிடக்கும். இவ்வாறு கேட்ட முகவரியை உண்மை முகவரியாக மாற்றும் அமைப்பைப் பெயர்ப்பு அடுக்கு எனலாம்.

தொகுதிகள் யாவும் ஒரே சீராகத் தேய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டகம் தரவை அவ்வப்போது இடம்மாற்றுகிறது. பயனற்ற பக்கங்கள் மிகுந்த தொகுதிகளைத் தேர்ந்து, அங்கு எஞ்சிய பயனுள்ள பக்கங்களை வேறிடத்தில் படியெடுத்துவிட்டுப் பின்னர் அத்தொகுதியை அழிக்கிறது. எனவே ஒரே கோப்பின் பழைய படிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கக்கூடும்.

இப்பணிகளுக்கு இடம் வேண்டும். ஆதலின் ஒவ்வொரு சேமிப்பகத்திலும் பயனர் காண இயலாத உதிரி இடம் ஒதுக்கப்படுகிறது. நினைவகச் சில்லுகளின் கொள்ளளவு இரண்டின் மடங்குகளில் அமைகிறது. விற்பனைக்குரிய அளவோ பத்தின் மடங்குகளில் கணக்கிடப்படுகிறது. இவ்வேறுபாடு மட்டுமே ஏறத்தாழ 7 விழுக்காடு ஆகும். பல சேமிப்பகங்களில் இவ்வேறுபாடே உதிரி இடமாகிறது. 256 ஜிகாபைட் எனக் குறிக்கப்பட்ட ஒன்றில் ஏறத்தாழ 19 ஜிகாபைட் அளவுள்ள இடம் இவ்வாறு பார்வைக்கு அப்பால் இருக்கக்கூடும். பல்லாயிரம் பக்க ஆவணங்கள் அடங்குவதற்கு அவ்விடம் போதும்.

இப்போது பழைய நம்பிக்கையை மீண்டும் நோக்கலாம். ஒரு கோப்பின்மேல் 35 முறை எழுதுமாறு பயனர் கட்டளையிடுகிறார். கட்டுப்பாட்டகம் 35 வேறு பக்கங்களில் எழுதுகிறது. முதற்பக்கம் தீண்டப்படாமல் அப்படியே இருக்கிறது. மிஞ்சியது தேய்மானம் மட்டுமே.

தெரிந்து தெளிவோம்

கோப்பு நீக்கப்பட்டதை இயக்க அமைப்பு சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கும் கட்டளைக்கு ‘டிரிம்’ என்று பெயர். விண்டோஸ் 7 முதலான இயக்க அமைப்புகள் இதனைப் பயன்படுத்துகின்றன. இதனைப் பெற்ற கட்டுப்பாட்டகம் தனக்கு ஓய்வு வாய்க்கும்போது அப்பக்கங்களை அழிக்கும். எப்போது அழிக்கும் என்பதற்கு உறுதியில்லை. தவறுதலாக நீக்கிய ஒளிப்படத்தை மீட்க விரும்புவோருக்கு அது கிடைக்காமல் போகலாம். மறைய வேண்டியது மறைந்துவிட்டதா என அறிய விரும்புவோருக்கும் உறுதி கிடைக்காது. திண்மநிலைச் சேமிப்பகத்தின் முரண் இதுவே.

சில்லுகளைப் பெயர்த்த ஆய்வு

கொள்கையளவில் கூறப்பட்ட இக்கருத்தைச் சோதனையால் நிறுவியவர்கள் அமெரிக்காவின் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மைக்கேல் வெய், ஸ்டீவன் சுவான்சன் உள்ளிட்டோர் அடங்கிய குழு 2011இல் தன் ஆய்வை வெளியிட்டது. சேமிப்பகத்தில் அடையாளமிட்ட தரவை நிரப்பி, பல்வேறு முறைகளில் அழித்து, பின்னர்ச் சில்லுகளைப் பெயர்த்தெடுத்துக் கட்டுப்பாட்டகத்தின் துணையின்றி நேரடியாக அவர்கள் படித்தனர். கட்டுப்பாட்டகம் ‘இல்லை’ எனக் கூறியவை சில்லுகளில் இருந்தன. சில கோப்புகளின் பழைய படிகள் 16 வரை காணப்பட்டன.

ஒரு கோப்பை மட்டும் தேர்ந்து மேலெழுதி அழிக்கும் முறைகள் யாவும் தோல்வியுற்றன. அம்முறைகளுக்குப் பின்னும் கோப்பின் உள்ளடக்கத்தில் 4 முதல் 75 விழுக்காடு வரை எஞ்சியிருந்தது. சேமிப்பகம் முழுவதையும் இருமுறை மேலெழுதுதல் பெரும்பாலும் பயனளித்தது. ஆயினும் ஒரு சேமிப்பகத்தில் 20 முறை மேலெழுதிய பின்னரும் ஒரு விழுக்காட்டுத் தரவு எஞ்சியது. வன்தட்டுகளை அழிக்கப் பயன்படும் வலிமைமிக்க காந்தப்புலம் சில்லுகளில் எவ்வித மாற்றத்தையும் விளைவிக்கவில்லை. சில்லில் தரவு காந்தமாக எழுதப்படவில்லை அன்றோ!

சேமிப்பகத்துக்குள்ளேயே உற்பத்தியாளர் அமைத்துத்தரும் அழிப்புக் கட்டளையையும் அக்குழு ஆராய்ந்தது. 12 சேமிப்பகங்களுள் 8 அக்கட்டளையை ஏற்பதாகத் தெரிவித்தன. அவற்றுள் ஒன்று தரவைக் குறியாக்கம் செய்ததால் சில்லுகளைப் படித்து முடிவுகாண இயலவில்லை. எஞ்சிய ஏழனுள் 4 மட்டுமே கட்டளையை நம்பத்தக்கவாறு நிறைவேற்றின. ஒரு சேமிப்பகம் ‘அழித்துவிட்டேன்’ என அறிவித்தது. ஆனால் தரவு முழுவதும் அதனுள் சிதையாமல் இருந்தது.

இவ்வாய்வு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. உள்ளிருக்கும் உதிரி இடத்தை எட்டவல்லது சேமிப்பகத்தின் சொந்தக் கட்டளையே என்பது ஒன்று. அக்கட்டளையையும் சரிபார்க்காமல் நம்புதல் கூடாது என்பது மற்றொன்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் தரவரையறைகள் செம்மையுற்றன. புதிய தலைமுறைச் சேமிப்பகங்களுக்கான 2017ஆம் ஆண்டுத் தரவரையறையில் ‘சானிட்டைஸ்’ என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. உதிரி இடத்தையும் உள்ளடக்கி அழிக்கும் இக்கட்டளையைத் தொடங்கிய பின் இடையில் கைவிட இயலாது. மின்சாரம் தடைப்பட்டாலும் மீண்டும் வந்ததும் பணி தொடரும்.

தூய்மையின் மூன்று படிகள்

தரவை நீக்குவதற்கான நெறிமுறைகளுள் உலகெங்கும் எடுத்தாளப்படுவது அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் வகுத்தது. 2006இல் வெளிவந்து 2014இல் திருத்தப்பட்ட அந்நெறிமுறை மூன்று படிகளைக் கூறுகிறது. தமிழில் அவற்றை நீக்கல், களைதல், சிதைத்தல் எனலாம்.

நீக்கல் என்பது, சாதாரண மென்பொருள்களால் மீட்க இயலாதவாறு செய்வது. ஒரே அலுவலகத்துக்குள் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குக் கணினி மாறும்போது இது போதுமானதாகலாம். களைதல் என்பது, ஆய்வகக் கருவிகளைக் கொண்டு முயன்றாலும் மீட்க இயலாதவாறு செய்வது. கருவி நிறுவனத்தைவிட்டு வெளியேறும்போது இது வேண்டப்படுகிறது. சிதைத்தல் என்பது, சேமிப்பகத்தையே மீண்டும் பயன்படாதவாறு பொடியாக்குவது. திண்மநிலைச் சேமிப்பகத்தைச் சுத்தியால் இரண்டாக உடைத்தாலோ ஒரு துளையிட்டாலோ சிதைத்தல் ஆகாது. துளை விழாத சில்லில் தரவு முழுமையாக இருக்கும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, மறைபொருள் அடங்கிய திண்மநிலைக் கருவிகளை 2 மில்லிமீட்டர் அளவுத் துகள்களாக்க வேண்டும் என வரையறுத்துள்ளது.

எப்படியைத் தேர்வது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. அதனுள் இருக்கும் தரவின் இயல்பே முடிவு செய்கிறது. பள்ளி நூலகத்தின் நூற்பட்டியல் மட்டும் இருந்த கணினிக்கும், மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகள் இருந்த கணினிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

திறவுகோலை அழித்தல்

களைதலுக்குரிய வழிகளுள் நுட்பமானது குறியாக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. தரவை முதலிலிருந்தே குறியாக்கம் செய்து எழுதினால், சில்லுகளில் இருப்பவை பொருளற்ற குறிகளே. அவற்றைப் பொருளுடையவையாக மாற்றுவது சிறிய திறவுகோல் ஒன்றே. அத்திறவுகோலை அழித்துவிட்டால், எத்தனை படிகள் எத்தனை உதிரிப் பக்கங்களில் சிதறிக் கிடந்தாலும் கவலையில்லை. மலையளவு தரவை அழிக்கும் பணி, கடுகளவு திறவுகோலை அழிக்கும் பணியாகச் சுருங்கிவிடுகிறது. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய திறன்பேசிகள் அனைத்தும் தரவைக் குறியாக்கம் செய்தே சேமிக்க வேண்டும் என்பது விதி. ஆப்பிள் திறன்பேசிகளிலும் குறியாக்கம் இயல்பாகவே அமைந்துள்ளது. அத்தகைய கருவிகளில் ஆலைநிலைக்கு மீட்டமைக்கும்போது அழிக்கப்படுவது திறவுகோலே.

இவ்வழியிலும் விழிப்பு வேண்டும். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், தாமே குறியாக்கம் செய்யும் சில சேமிப்பகங்களை ஆராய்ந்து 2018இல் குறைகளை வெளிப்படுத்தினர். சிலவற்றில் பயனரின் கடவுச்சொல்லுக்கும் திறவுகோலுக்கும் உண்மையான பிணைப்பே இல்லை. பூட்டு கதவில் தொங்கியதேயன்றிக் கதவைப் பூட்டவில்லை. எனவே சேமிப்பகத்தின் குறியாக்கத்தை மட்டும் நம்பாமல், இயக்க அமைப்பு வழங்கும் குறியாக்கத்தையும் பயன்படுத்துதல் நன்று. விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிள் கணினிகளில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகியன அத்தகையவை.

குறியாக்கத்தை எப்போது தொடங்குவது என்பதே முதன்மையான வினா. குறியாக்கமின்றி ஐந்தாண்டுகள் பயன்படுத்திவிட்டு, விற்கும் நாளில் குறியாக்கம் செய்தால், அதற்குமுன் உதிரி இடத்துக்குச் சென்றுவிட்ட படிகள் வெளிப்படையாகவே எஞ்சக்கூடும். பழுதடைந்து இயங்காமற்போன சேமிப்பகமோ எந்தக் கட்டளையையும் ஏற்காது. அதிலுள்ள சில்லுகளை மட்டும் பிறர் படிக்கலாம். வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது பழமொழி. கருவியை விடும் நாளுக்கான பாதுகாப்பு அதனை வாங்கிய நாளிலேயே தொடங்கப்பட வேண்டும்.

இதனைப் புறக்கணித்ததன் விளைவை 2022இல் அமெரிக்கா கண்டது. பெரும் நிதி நிறுவனம் ஒன்று, பயன்பாடு முடிந்த கணினிகளையும் வன்தட்டுகளையும் அப்புறப்படுத்தும் பணியைத் தரவு அழிப்பில் பட்டறிவில்லாத, பொருள்களை இடம்மாற்றித் தரும் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அவற்றுள் சில, தரவு நீங்காமலே இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. கிளை அலுவலகங்களிலிருந்து நீக்கப்பட்ட கருவிகளில் குறியாக்க வசதி இருந்தும், ஆண்டுக்கணக்கில் அது இயக்கப்படவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளரின் விவரங்கள் பாதுகாக்கப்படாததற்காக அந்நிறுவனம் 3.5 கோடி டாலர் தண்டத்தொகை செலுத்த நேர்ந்தது.

கைமாற்றும் முன்

பழைய கணினியையோ திறன்பேசியையோ பிறரிடம் ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு.

முதலாவது, தேவையான கோப்புகளை வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா எனப் பார்த்தல். முறையாக அழித்தபின் மீட்பு இல்லை.

இரண்டாவது, மின்னஞ்சல் முதலான கணக்குகளிலிருந்து வெளியேறுதல். திறன்பேசியின் தொடர்பு அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ளுதல். மீட்டமைத்தல் பெரும்பாலும் உள்நினைவகத்தை மட்டுமே அழிக்கும்.

மூன்றாவது, குறியாக்கம் இயங்குகிறதா என உறுதிசெய்து, பின்னர்ச் சேமிப்பகத்தின் சொந்த அழிப்புக் கட்டளையை இடுதல். உற்பத்தியாளரின் மென்பொருள் வழியாகவோ, சில கணினிகளின் தொடக்க அமைப்புப் பட்டி வழியாகவோ இதனைச் செய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சேமிப்பகங்கள் இருப்பின், எதனை அழிக்கிறோம் என்பதை வரிசை எண்ணைக் கொண்டு உறுதிசெய்தல் வேண்டும்.

நான்காவது, சரிபார்த்தல். அழித்த சேமிப்பகத்தின் பல பகுதிகளைப் படித்து, பழைய தரவு எதுவும் தென்படவில்லை என அறிதல். சில்லுகளின் உள்ளே வரை இது எட்டாதெனினும், கட்டளை நிறைவேறாத பெரும்பிழையை வெளிப்படுத்தும்.

ஐந்தாவது, பதிவு செய்தல். நிறுவனங்களில் கருவியின் வரிசை எண், அழித்த முறை, நாள், அழித்தவர், சரிபார்த்தவர் ஆகிய விவரங்கள் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

விரலிகள் பெரும்பாலும் அழிப்புக் கட்டளையை ஏற்பதில்லை. எனவே அவற்றில் முக்கியமான கோப்புகளைக் குறியாக்கம் செய்தே வைத்தல் வேண்டும். தவறினால் சில்லைப் பொடியாக்குவதே வழி. திறன்பேசியை முழுமையாக உடைக்கவோ துளையிடவோ முயலுதல் கூடாது. அதனுள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் தீப்பற்றும்.

உரிமையும் பொறுப்பும்

ஒருவரின் கணினியில் இருப்பவை அவருடைய செய்திகள் மட்டுமல்ல. ஆசிரியரின் மடிக்கணினியில் மாணவரின் முகவரி உண்டு. மருத்துவரின் கணினியில் நோயாளரின் வேதனை உண்டு. கணக்கரின் கணினியில் பல குடும்பங்களின் வரவும் கடனும் உண்டு. அவர்கள் நம்பிக் கொடுத்தவற்றைக் காக்கும் கடமை, கருவி பழையதாகிவிட்டதால் முடிந்துவிடுவதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2023இல் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. எந்நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறியபின், வேறு சட்டத் தேவை இல்லையெனில் அதனை அழிக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அது இடமளிக்கிறது. பயன்படுத்திய கருவிகளைக் குப்பையில் சேர்க்காமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொண்டுசேர்க்க 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் வழிவகுக்கின்றன.

இங்கே இரண்டு அறங்கள் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றலாம். தரவைக் காக்க வேண்டுமெனில் கருவியை நொறுக்க வேண்டும். மண்ணைக் காக்க வேண்டுமெனில் கருவியை மீண்டும் பயன்படுத்த வேண்டும். அச்சத்தால் நொறுக்கப்படும் நல்ல சேமிப்பகம் மின்கழிவாகிறது. அலட்சியத்தால் கைமாறும் சேமிப்பகம் பிறர் வாழ்வைக் கடைவீதியில் வைக்கிறது. முறையாக அழிக்கும் அறிவு இவ்விரு அறங்களையும் இணைக்கிறது. திறவுகோல் அழிந்து, கட்டளை நிறைவேறி, சரிபார்க்கப்பட்ட மடிக்கணினி, கணினி இல்லாத மற்றொரு மாணவரின் மேசையை அடையலாம். பழைய எழுத்து எதுவும் எஞ்சாத அக்கற்பலகையில் அவர் தம் முதல் எழுத்தை எழுதலாம்.

சொல்லும் பொருளும்

கட்டுப்பாட்டகம் – சேமிப்பகத்தின் செயல்களை இயக்கும் உட்கணினி
பெயர்ப்பு அடுக்கு – கேட்கும் முகவரியை உண்மை முகவரியாக மாற்றும் அமைப்பு
உதிரி இடம் – பயனர் காண இயலாதவாறு ஒதுக்கப்பட்ட சேமிப்பிடம்
குறியாக்கம் – திறவுகோலின்றிப் படிக்க இயலாதவாறு தரவை மாற்றுதல்
தண்டத்தொகை – அபராதம்

கற்பவை கற்றபின்...

1. பள்ளியின் கணினி ஆய்வகத்தில் பயன்பாடு முடிந்த கருவிகள் எவ்வாறு அப்புறப்படுத்தப்படுகின்றன என்பதைப் பொறுப்பாசிரியரிடம் கேட்டறிந்து, பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றை உருவாக்குக.

2. ‘பழைய திறன்பேசியை விற்கும் முன்’ என்னும் தலைப்பில் பொதுமக்களுக்கான விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றைத் தயாரிக்க.

3. ‘நொறுக்குவதே பாதுகாப்பு – தூய்மை செய்து வழங்குவதே அறம்’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. ஃபிளாஷ் நினைவகத்தில் அழித்தல் நிகழும் அலகு
அ) சிற்றறை  ஆ) பக்கம்  இ) தொகுதி  ஈ) கோப்பு

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) நீக்கல் – சேமிப்பகத்தைப் பொடியாக்குதல்
ஆ) களைதல் – ஆய்வகக் கருவிகளாலும் மீட்க இயலாதவாறு செய்தல்
இ) சிதைத்தல் – பொருளடக்கத்தை மட்டும் மாற்றுதல்
ஈ) டிரிம் – திறவுகோலை அழித்தல்

குறுவினா

1. கோப்பை நீக்குமாறு கட்டளையிடும்போது உண்மையில் நிகழ்வது யாது?
2. திண்மநிலைச் சேமிப்பகத்தைக் காந்தப்புலத்தால் அழிக்க இயலாமைக்குக் காரணம் யாது?
3. உதிரி இடம் எதற்காக ஒதுக்கப்படுகிறது?

சிறுவினா

1. கற்பலகை, ஓலை ஆகிய உவமைகள் இருவகைச் சேமிப்பகங்களுக்கும் பொருந்துமாற்றை விளக்குக.
2. ‘பூட்டு கதவில் தொங்கியதேயன்றிக் கதவைப் பூட்டவில்லை’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
3. 2011ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்தும் இரண்டு உண்மைகளை எழுதுக.

நெடுவினா

1. ‘கருவியை விடும் நாளுக்கான பாதுகாப்பு அதனை வாங்கிய நாளிலேயே தொடங்கப்பட வேண்டும்’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின்வழி நிறுவுக.
2. தரவுப் பாதுகாப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்றையொன்று தழுவிச் செல்ல இயலும் என்பதைச் சான்றுகளுடன் கட்டுரைக்க.